இறங்குமிடம்

கர்க்லினே என்னும் சிற்றூரில் யாருக்கு யார் உறவில்லை என்று சொல்வதே கடினம். உறவினன் ஆடும் ஆட்டத்துக்கு நடுவராகக் கூடாதென்றால், அவ்வட்டாரத்தில் கூடைப்பந்தே நடவாது. ஆதலால் இறுதியாட்டத்தில் தன் தமக்கை தங்குவோலேயின் மகன் ஜில்வினாஸ் ஆடுவான் என்று தெரிந்தும், விகந்தாஸ் நடுவராக இசைந்தார். ஒருவரும் வியக்கவில்லை.

கேலி செய்யாமலும் விடவில்லை. ரொட்டிக் கடை ஸ்தாசே, கறுப்பு ரொட்டியை நீட்டும்போதே தொடங்கினாள்.

"என்னங்க நடுவரே, மருமகன் தும்முனாக்கூட எதிராளிக்கு ஃபவுல் குடுப்பீங்களாமே?"

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதாம்மா."

"பாக்கத்தானே போறோம்! எதிரணி பில்வேநாய் ஊர்க்காரங்க பாட்டே கட்டி வெச்சிருக்காங்க. 'மாமன் இருக்க பயமேன்'னு!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விகந்தாஸும் சிரித்தார், ரொட்டியை மறந்து வெளியேறினார்.

அவர் கைக்கொண்டிருந்த நெறி எளியது. பத்துப் பேர் நெருங்கி ஓடும் களத்தில் உடல்கள் உரசாமல் இரா. தோள் தோளை இடிக்கும். முழங்கை விலாவைத் தொடும். அதனால் ஒருவன் தனக்குரியதை இழந்தானா என்பதே கேள்வி. இழக்கவில்லையேல் அது தற்செயல், ஆட்டம் தொடரலாம். இழந்தானேல் விசில் ஊதியே ஆகவேண்டும். எம்பிக் குதித்தவனுக்கு அவன் கால் இறங்கும் நிலம் உரியது. அங்கே பிறன் கால் வைப்பது உரசல் அன்று, பறித்தல்.

முதற்பாதியில் ஜில்வினாஸ் தொலைவிலிருந்து பந்தெறிய எழும்பினான். தடுக்க வந்தவனின் பாதம் அவனுக்கடியில் நுழைந்தது. விகந்தாஸ் ஐயமறக் கண்டார். ஊதுவதற்கு மூச்சும் இழுத்தார். அந்நேரம் பில்வேநாய் இருக்கைகளிலிருந்து அந்தப் பாட்டு எழுந்தது. இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. ஜில்வினாஸ் தடுமாறி, நிமிர்ந்து, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடினான்.

தண்டிக்கப்படாத பாதம் துணிவு கொண்டது. இறுதி நிமிடங்களில் அது இன்னும் ஆழமாக நுழைந்தது. இம்முறை விகந்தாஸ் ஊதினார். ஆனால் விசிலுக்கு முன்பே ஜில்வினாஸின் முழங்கால் முறியும் ஓசை அரங்கம் முழுவதும் கேட்டுவிட்டது.

முதல்முறை ஊதாததைச் சொல்லி ஊர் அவரைப் புகழ்ந்தது. "சொந்த மருமகன்னுகூடப் பாக்கல, அதான்யா மனுஷன்!" என்று தேவாலய வாசலில் கையைப் பற்றிக் குலுக்கினார்கள். கௌனாஸ் நகரத்துக் குழு ஜில்வினாஸை இலையுதிர்காலத்தில் வந்து ஆட அழைத்திருந்தது. இனி அவன் ஓடமாட்டான் என்றார் மருத்துவர். ஒவ்வொரு புகழ்ச்சியும் விகந்தாஸின் செவியில் காய்ச்சிய ஈயமாய் இறங்கிற்று.

மருத்துவமனையில் ஜில்வினாஸ் முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"மாமா, முதல் தடவையும் அவன் கால் வெச்சான். பாத்தீங்கதானே?"

"பாத்தேன்டா."

"அங்க நான் இல்லாம வேற யாராவது இருந்திருந்தா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை விகந்தாஸ் கடந்துபோக விட்டார்.

"ஊதியிருப்பேன்."

மகனுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்த தங்குவோலே கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போ, தம்பி."

அக்குரலில் சினம் இருந்திருந்தால், அவர் நின்று மன்றாடியிருப்பார்.