ராஜிதியின் பச்சை எண்

திங்கட்கிழமை காலை கல்கத்தா நியூ டவுன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எங்கள் குழுத் தலைவர் சுபீர்தா வெள்ளைப் பலகையை மறைத்தபடி நின்றுகொண்டிருந்தார். பலகையின் அடியில் கிடந்த பச்சை மார்க்கரை எடுத்துத் தம் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "இதை இனிமேல் யாரும் எடுக்க வேண்டாம்" என்றார். பச்சை மார்க்கர் ராஜலட்சுமி நாராயணனுடையது. இதயக் கோளாறு என்று அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. வேலை நிமித்தம் பெங்களூரு போயிருந்த நான் முந்தின நாள் மாலைதான் ஊர் திரும்பியிருந்தேன். திங்கட்கிழமை மாலை அவரைப் போய்ப் பார்ப்பதாக இருந்தேன். ஞாயிறு இரவே அவர் இறந்துபோயிருந்தார்.

லேக் மார்க்கெட் பக்கம் அவரோடு பழகியவர்கள் எழுதச் சொன்னதால் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் ராஜி. அண்ணனுக்கு 'தா', அக்காவுக்கு 'தி' என்று பெயரோடு சேர்க்கும் வங்காள வழக்கப்படி ஆபீசில் எங்களுக்கு அவர் ராஜிதி. வாழைப்பூவை மடல் மடலாகப் பிரித்துப் பார்த்த பிறகே காசை எடுப்பார். கடைக்காரர் முருங்கைக்காய் பிஞ்சு என்று சத்தியம் செய்தாலும், "பாத்துட்டுச் சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா?" என்று வங்காளத்திலேயே அவரை மடக்குவார். தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்தில் யாராவது யாரைப் பற்றியாவது கிசுகிசு சொன்னாலும் அதே கேள்விதான். நீங்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதில் மாட்டியிருப்பீர்கள். ஆனால் அவர் ஆபீசில் என்ன செய்தார் என்று கேட்டால் 'ஏதோ கம்ப்யூட்டர்' என்றுதான் சொல்வீர்கள். அங்கே அவர் ஜெயித்தார். அந்த வெற்றிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளாலேயே பல சின்னக் கணினிகளை உண்டாக்குகிறார்கள். அந்தச் சின்னக் கணினி தனக்கென்று ஒரு வட்டு (டிஸ்க்) இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அப்படி ஒன்றும் கிடையாது. 'இந்தப் பக்கத்தை எடுத்துக் கொடு' என்று அது கேட்டால், வெளியே இருக்கும் பெரிய கணினியின் நிரல் எடுத்துக் கொடுக்கும். கேட்பதும் கொடுப்பதும் நடக்கிற இடம், இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் வட்டமாகப் போட்ட சில கட்டங்கள். உள்ளே இருப்பவர் ஒரு கட்டத்தில் கோரிக்கையை எழுதி, 'இதுவரை எழுதிவிட்டேன்' என்று தம் எண்ணில் ஒன்றைக் கூட்டுவார். வெளியே இருப்பவர் வேலையைச் செய்து, 'முடிந்தது' என்று எழுதி, தம் எண்ணில் ஒன்றைக் கூட்டுவார். ஒருவர் எண்ணை மற்றவர் தொடக் கூடாது. எல்லாக் கட்டமும் தீர்ந்தால் மறுபடி முதல் கட்டம், பழைய எழுத்தின் மேலேயே புதியது. உள்பக்கத்து நிரல் என்னுடையது. வெளிப்பக்கம் ராஜிதியுடையது.

நான்கு வருடம் இந்த வட்டம் ஒரு தகராறும் இல்லாமல் சுற்றியது. பிறகு புதிய வகைச் செயலிகள் (பிராசசர்கள்) உள்ள இயந்திரங்கள் வந்தன. ஓர் ஆஸ்பத்திரி எங்கள் அமைப்பைக் கற்பனைப் பெயர்களைப் போட்டுச் சோதித்துப் பார்த்தது. எப்போதோ ஒருமுறை, ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பெயரில் வந்து நின்றது. திரும்ப ஓட்டினால் சரியாக இருக்கும். மறுநாள் வேறு இரண்டு பேர் மாறியிருப்பார்கள். நிஜ நோயாளிகளாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்த தலைமை அலுவலகம் கெடு வைத்தது. துர்கா பூஜை விடுமுறை முடிவதற்குள் சரியாகாவிட்டால் வட்டத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வோம், நீங்கள் ஒன்பது பேரும் இங்கே வந்து வேறு வேலை பாருங்கள் என்றார்கள். ராஜிதியால் எங்கே போக முடியும்? கணவர் நாராயணனுக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. அப்பா லேக் மார்க்கெட் வீட்டில் படுத்த படுக்கை. குழு கலைந்தால் எங்களுக்கு ஊர் மாறும், அவருக்கு வேலை போகும்.

அடுத்து நான் செய்த காரியத்தை மறைக்கப் போவதில்லை. தலைமை அலுவலகத்தோடு பேசிய மீட்டிங்கில், "எங்க பக்கம் வருஷக்கணக்கா ஓடுது. தப்பு வெளிப்பக்கம்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். ராஜிதி எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். மீட்டிங் முடிந்ததும் என் மேஜைக்கு வந்தார்.

"பாஸ்கர், பாத்துட்டுச் சொன்னீங்களா, பாக்காம சொன்னீங்களா?"

நான் திரையைப் பார்த்தபடி எதையோ தட்டினேன்.

"டீக் ஆச்சே, சரி. இனிமே உங்களோட எனக்குப் பேச்சு இல்ல. வேலை விஷயம் எதுவா இருந்தாலும் போர்டுல எழுதி வையுங்க. நான் செஞ்சுட்டு எழுதி வைக்கறேன்."

அவரே போய்ப் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டு எட்டுக் கட்டமாகப் பிரித்தார். எனக்கு நீல மார்க்கர், அவருக்குப் பச்சை. மேலே இரண்டு எண்கள், நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று. கோபத்திலும் அவருக்குக் கைக்கு வந்தது எங்கள் வட்டம்தான். சண்டை அலுவலகம் முழுக்கத் தெரிய வேண்டாமே என்று இருவரும் தமிழில் எழுதினோம். சுபீர்தா தினமும் வந்து நின்று பார்த்துவிட்டு, என்னமோ தீவிரமாக வேலை நடக்கிறது என்று மகிழ்ச்சியோடு போவார்.

இதில் ஒரு கூத்து. இருவருக்கும் லேக் மார்க்கெட் பக்கம்தான் வீடு, ஒரே டாக்சியில்தான் நியூ டவுன் போவோம். சண்டை வந்துவிட்டது என்பதற்காக யாராவது இரண்டு டாக்சி பிடிப்பார்களா? ஒரு மணி நேரம் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி போவோம். நாலாவது நாள் ஓட்டுநர் பொறுக்க முடியாமல், நீங்கள் புருஷன் பெண்டாட்டியா என்று வங்காளத்தில் கேட்டுவிட்டார். "அதுன்னா சமாதானம் ஆயிருப்போமே தாதா. நாங்க ஒரே ஆபீஸ்" என்றார் ராஜிதி. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் காலை நான் பலகைக்குப் போய் நீல எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். கோரிக்கையை எழுதுவதற்குள் சுபீர்தா கூப்பிட்டார். ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் ராஜிதி வந்திருக்கிறார். எண் மாறியிருக்கிறது, சரி, கோரிக்கை வந்துவிட்டது என்று கட்டத்தைப் பார்த்திருக்கிறார். அதில் முந்தின சுற்றில் நான் எழுதிய பழைய கோரிக்கை அழியாமல் கிடந்தது: 'சோதனை வட்டைத் துடைத்துவிடவும்.' துடைத்துவிட்டார். மூன்று நாளாக நான் சேர்த்து வைத்திருந்த தடயங்கள் எல்லாம் அந்த வட்டில்தான் இருந்தன.

நான் கத்தினேன். அவரும் சளைக்கவில்லை. பதினோரு நாள் பேசாததை எல்லாம் இருவரும் ஒரேயடியாகப் பேசினோம். மற்ற ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "எண் மாறியிருந்துது, எழுதியிருந்துது, செஞ்சேன். வேற என்ன பண்..." என்றவர் பாதியில் நின்றார். பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எண்ணை முதல்ல மாத்திட்டு, அப்புறம்தான் எழுதுவீங்களா?"

"ரெண்டும் சேர்ந்துதான். அஞ்சு நிமிஷம் முன்னே பின்னே."

"அந்த அஞ்சு நிமிஷத்துல நான் வந்துட்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ராஜிதிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சுபீர்தா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு விஷயம் புரிய இன்னும் ஒரு நிமிடம் பிடித்தது. என் நிரலில் வரிசை சரியாகத்தான் இருந்தது, முதலில் கோரிக்கை, பிறகு எண். ஆனால் புதிய செயலிகளில் நாம் எழுதிய வரிசை ஒன்று, அடுத்தவர் கண்ணில் படும் வரிசை வேறொன்றாக இருக்கலாம். வேகத்துக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பழையவற்றில் இந்தத் தொல்லை இல்லாததால் நான் யோசிக்கவே இல்லை. எண் முந்திக்கொண்டு தெரிந்துவிடும், ராஜிதியின் நிரல் வந்து பார்க்கும், கட்டத்தில் பழைய கோரிக்கை கிடக்கும், அதற்கான பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் வந்தது இப்படித்தான். 'மேலே எழுதியதெல்லாம் தெரிந்த பிறகுதான் எண் தெரிய வேண்டும்' என்று செயலிக்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். அந்த வரி என் நிரலில் இல்லை.

தப்பு என் பக்கம். மீட்டிங்கில் நான் சொன்னதற்கு நேர் எதிர். அவர் அப்போதே ஃபோனை எடுத்துப் பெங்களூருக்குச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் தம் இடத்துக்குப் போய் மாலைவரை தம் நிரலைப் படித்தார். பிறகு வந்து, "என் பக்கமும் இருக்கு பாஸ்கர். 'முடிந்தது'ன்னு எழுதறதுக்கு முன்னாடி என் எண் தெரிஞ்சுடலாம். அதே வரி, அங்கயும் இல்ல" என்றார். தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, கீழே எங்கள் இருவர் பெயரையும் எழுதினார். அவர்கள் நம்பவில்லை. இத்தனை பெரிய கோளாறுக்கு இரண்டு வரியா என்றார்கள். "பாத்துட்டுச் சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா?" என்று ராஜிதி ஆங்கிலத்தில் கேட்டார். சரி, ஓட்டிப் பாருங்கள் என்றார்கள்.

பூஜை விடுமுறை முழுக்கப் புதிய இயந்திரங்களில் சோதனையை ஓட விட்டோம். பந்தலுக்குப் போனாலும் என் மனசு நியூ டவுனிலேயே கிடந்தது. விடுமுறை முடிந்து முதல் நாள் நான் போவதற்குள் ராஜிதி வந்திருந்தார். கல்கத்தாவில் பூஜை முடிந்து பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்லிக்கொள்கிற 'சுபோ பிஜயா'வை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி, கையைப் பிடித்துத் திரையின் முன் இழுத்துக்கொண்டு வந்தார். பொருந்தாதவை: பூஜ்யம். அத்தனை நாள், அத்தனை பெயர்கள், ஒன்றுகூட மாறவில்லை. சுபீர்தா பெட்டி பெட்டியாகச் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார். சாந்த்ராகாச்சியிலிருந்து நாராயணன் ஃபோன் செய்தபோது, "நான் எங்கயும் போகல, அப்பாகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார் ராஜிதி. குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மற்ற எட்டுப் பேரும் கைதட்டினோம். அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கு நிஜப் பெயர்கள் எங்கள் வட்டத்தின் வழியாகத்தான் போகின்றன. ஒருவர் ரத்தம் அவர் பெயரிலேயே வருகிறது.

சண்டை தீர்ந்த பிறகும் பலகை வட்டத்தை அழிக்க ராஜிதி விடவில்லை. எட்டு வருடமாக அதில் எழுதிக்கொண்டிருந்தோம். நான் அவசரத்தில் மார்க்கரைத் திறந்தால், "முதல்ல எழுதி முடிங்க, அப்புறம் எண்" என்று அங்கிருந்தே குரல் வரும். அந்த எட்டு வருடத்தில் மீட்டிங்கில் சொன்னதற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். பெங்களூரு கிளம்புவதற்கு முன்னால், அவர் உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்த வெள்ளிக்கிழமை, பலகையில் எழுதினேன்: 'அன்று மீட்டிங்கில் பார்க்காமல் சொன்னேன். தப்பு.' எழுதி முடித்துவிட்டு நீல எண்ணை மாற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் பதில் இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று மாலை உடம்பை விசாரிக்க ஃபோன் செய்த சுபீர்தா, பலகையில் நீல எண் மாறியிருப்பதை அவரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். வழியில் ஐந்து நிமிடம் ஆபீசுக்குப் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாராம். "மூச்சு வாங்குது, எதுக்கு மாடி ஏறறேன்னு கேட்டேன். ஒரு வேலை பாக்கி இருக்குன்னா" என்று நாராயணன் பிறகு சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை சுபீர்தா பலகையை விட்டு நகர்ந்ததும் பார்த்தேன். என் நீல வரிக்குக் கீழே பச்சையில் இருந்தது: 'பார்த்துவிட்டேன். முடிந்தது.' மேலே நீல எண்ணும் பச்சை எண்ணும் ஒன்றாக இருந்தன. மார்க்கரைச் சுபீர்தாவே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். ராஜிதி எழுதி முடித்த பிறகுதான் எண்ணை மாற்றுவார்.