குளிரிலும் இளைத்த அம்மா

“வெயில்ல இளைச்சா வெயிலுங்குற, குளிர்ல இளைச்சா குளிருங்குற. பெறகு எப்பத்தேன் உங்காத்தாள நீ பாக்கப் போற, டீச்சரு?”

இதைக் கேட்டவர் அம்மாவோடு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் அத்தை. சொந்த அத்தை இல்லை. மலைமேல் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், லயத்தில், அம்மாவும் அவரும் ஆறேழு வருடமாக ஒரே அறையில் தங்குகிறார்கள், அந்த உறவுதான். மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் விலக்கில் ஜீப் நின்றதும் அம்மா பையோடு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அத்தை மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தி இப்படிக் கேட்டார். ஜீப்புக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். விலங்கியல் படித்துவிட்டு, பழனிசெட்டிபட்டியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். உடம்பைப் பற்றி எனக்கே ஒருவர் பாடம் எடுப்பதா என்று நினைத்தேன். கையை உருவிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தேன்.

மார்க்கையன்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஏலக்காய் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வருடத்தில் இரண்டு உடம்பு உண்டு. மாசி முடிந்து காய் ஓய்ந்ததும் கீழே இறங்கிவிடுவார்கள். வெங்காயம் அறுப்பு, வாழைக்குக் களை என்று சித்திரை வெயிலில் குனிந்து கிடப்பார்கள். அப்போது ஒருவருக்கும் சோறு இறங்காது. மோரும் நீச்சத்தண்ணீரும்தான். கன்னம் ஒட்டிப்போகும். ஆவணியில் மறுபடி மலையேறினால், பத்தே நாளில் பசி திரும்பிவிடும். ஈரக்காற்றில் நின்று காய் எடுத்துவிட்டு வந்து, வேகவைத்த கப்பைக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் கட்டன் சாயாவுமாக உட்கார்ந்தால் சட்டி காலியாகும் என்று அம்மா சொல்லுவார். கார்த்திகைக்குள் எல்லோருக்கும் முகம் உருண்டுவிடும்.

இதற்கு ஏற்றாற்போல் அவர்களுடைய ஜாக்கெட்டுகளில் இரண்டு தையல் இருக்கும். ஓரத்தில் ஒன்று, அதற்கு உள்ளே ஒரு விரல் தள்ளி இன்னொன்று. ஓரத்தில் இருப்பது மலைத் தையல், உள்ளே இருப்பது வெயில் தையல். பங்குனியில் உள்தையலைப் போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். மலையேறிக் கொஞ்ச நாளில் பிரித்துவிடுவார்கள். புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதே, “மலைக்கும் சேத்து துணி விடுங்க” என்று டெய்லரிடம் சொல்லிவிடுவது வழக்கம்.

காயை உலர்த்தி வைக்கும் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கிறது. கடைசி ஜீப் இறங்குகிற அன்றைக்கு, மேஸ்திரி இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொருத்தியாக அதில் ஏறி நிற்பார்களாம்.

“ஏடி, இவளக் காய வச்சுத்தேன் நிறுக்கணும். ஈரம் காயாத பச்சைக் காயி.”

“ஒன்னையக் காய வச்சாக் காம்புகூட மிஞ்சாது.”

இதையெல்லாம் அம்மா நடித்துக் காட்டுவார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் இதற்குக் காரணம் சொன்னேன். சாப்பிட்டதைச் செரிக்கும் வேலையே உடம்புக்குள் சூட்டை உண்டாக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உடம்பு அந்தக் கூடுதல் சூட்டை வேண்டாம் என்று பசியை மட்டுப்படுத்துகிறது. குளிரில் தன் சூட்டைக் காப்பாற்ற அதிகம் எரிக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதிகம் கேட்கிறது. வெயிலில் இளைப்பதில் ஒரு பங்கு வெறும் வியர்வைத் தண்ணீர்தான். அம்மா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடுத்த வாரம் ஜீப்பில் முழுதாக ஒப்பித்திருக்கிறார். “ஏ மக சொன்னா” என்று தொடங்கினாராம். அன்றிலிருந்து ஜீப்பில் எனக்கு டீச்சர் என்று பெயர். வேலை கிடைப்பதற்கு நான்கு வருடம் முன்னாலேயே.

போன சித்திரையில் அம்மா வழக்கத்தைவிட அதிகமாக இளைத்தார். வெயிலும் வழக்கத்தைவிட அதிகம்தான். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடித்தார். வெயிலுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்றேன். ஆவணியில் மலையேறினார். புரட்டாசியில் ஊருக்கு வந்தபோது தட்டில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டதைப் பார்த்து அப்பாவும் நானும் சந்தோஷப்பட்டோம்.

“மலைப்பசி வந்துருச்சு, இனி ஒங்கம்மா தேறிக்கிருவா” என்றார் அப்பா.

ஆனால் தேறவில்லை. ஐப்பசியில் உள்தையலைப் பிரிக்கவில்லை. கார்த்திகையில் அதற்கும் உள்ளே மூன்றாவதாக ஒரு தையல் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“இம்புட்டுத் திங்கிறேன், எங்கன போகுதுன்னே தெரியல.”

“குளிர்ல உடம்பு சூடு உண்டாக்கணும்லம்மா. நீ சாப்பிடுறத எல்லாம் அது எரிச்சுருது. இந்த வருசம் மேல குளிர் ஜாஸ்தி.”

“அப்ப வெயில்லயும் இளைக்கும், குளிர்லயும் இளைக்குமா?”

“ஆமா. வேற வேற காரணம்.”

“அதுவுஞ் சரித்தேன்” என்று சொல்லி ஊசியில் நூல் கோத்தார். அடிக்கடி ஒதுங்கப் போகவேண்டியிருக்கிறது என்றார். குளிரில் வியர்க்காது, அந்தத் தண்ணீர் அப்படித்தான் போகும் என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரி. இன்றைக்கும் வகுப்பில் கேட்டால் அதையேதான் சொல்லுவேன். அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இந்தப் பேச்சும் ஜீப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன்பிறகுதான் அத்தை என்னை ஊர் விலக்கில் நிறுத்திக் கேட்டார்.

பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை. அம்மாவும் இறங்கி வந்திருந்தார். அத்தை சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் நான் அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு குடிக்கிறார், எத்தனை தடவை எழுகிறார் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே இருந்தேன். ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தால் நான்கு நாளில் முகம் மாறும், அத்தை வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

தை மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. காலையில் ஒரு துண்டு போர்த்தினால் போதும், மத்தியானம் நிழல் தேட வேண்டியதில்லை. அம்மாவுக்கு வேலையும் இல்லை. ஆனாலும் குடம் குடமாகத் தண்ணீர் போனது. பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது என்றார். மூன்றாம் நாள் எண்ணெய் தேய்த்துவிட உட்காரவைத்தேன். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக என் கைக்குத் தட்டுப்பட்டது. கெண்டைக்காலில் ஒரு புண் ஈரமாக இருந்தது.

“இது என்னம்மா?”

“அட்டைக் கடி. கார்த்திகையில கடிச்சது. மேல ஈரம்ல, ஆறமாட்டேங்குது.”

“இங்கன ஈரம் இல்லையேம்மா.”

அவர் சேலையை இழுத்துப் புண்ணை மூடினார். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். காரணம் சொல்ல எனக்கு வெயில் இல்லை, குளிர் இல்லை, மலை இல்லை. தாகம், பசி, இளைப்பு, ஆறாத புண். நான்கையும் வரிசையாக எழுதிப்போட்டு என்ன நோய் என்று கேட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. சர்க்கரை என்றதும் என் நினைவில் வந்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தடித்த உடம்புதான். ஏலச்செடி அடியில் நாள் முழுக்கக் குந்தியிருக்கும் அம்மா அந்தப் படத்துக்குள் வரவே இல்லை.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு சின்னமனூருக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். “சுகரெல்லாம் ஒக்காந்து திங்கிறவகளுக்கு வர்றது. எனக்கு எங்கிட்டு வரும்? ரெண்டு வாரம் மேல இருந்தா எல்லாஞ் சரியாப் போகும்.” விரலில் குத்தியதும் “அட்டையே தேவலாம்” என்றார். குத்திய நர்ஸ் சிரித்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு விரலைக் கேட்டார்.

மருத்துவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். எப்போதிலிருந்து இளைக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்.

“சித்திரையிலருந்து.”

“பத்து மாசமா யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டணும்னு இல்லைங்க. ஏ மக வெவரமாச் சொல்லீட்டா. வெயில்ல பசி மட்டுப்படும், குளிர்ல ஒடம்பு எரிக்கும்னு. இவ டீச்சரா இருக்கா. எங்க குடும்பத்துல இவதேன் மொதப் படிப்பு.”

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எங்கே, யாரிடம் போனாலும் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். நானும் வழக்கமாக முதுகை நிமிர்த்திக்கொள்வேன். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன்.

புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். மருத்துவர் சர்க்கரைக்கு மாத்திரை எழுதினார். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், புண் ஆறும்வரை மலைக்குப் போகக்கூடாது என்றார். கடைசியாக, இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறது, கண்ணையும் ஒரு தடவை உள்ளே பார்த்துவிடுங்கள், தேனியில் பார்க்கலாம் என்றார்.

பேருந்து நிலையத்தில் வைத்து அம்மாவிடம் கேட்டேன். “கண்ணு மங்கலாத் தெரியுதாம்மா?”

அம்மா மாத்திரைப் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

“காயி பழுத்ததா பிஞ்சான்னு சில நேரம் சட்டுனு புடிபடல. மேஸ்திரி ரெண்டு தடவ ஏசிட்டாக. மேல ஒரே மூடாப்பு ஆத்தா, பனி. அதுல யாருக்குந்தேன் தெரியும்? இல்லையா?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். கண் போனால் காய் எடுக்க முடியாது, காய் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது. பனி என்று சொல்வதற்கு என்னிடம் காரணம் தயாராக இருந்தது. பனித்துளி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், நிறம் பிரித்தறிவது கடினம். போன மாதம் என்றால் சொல்லியிருப்பேன். அம்மாவும் நிம்மதியாக மலையேறியிருப்பார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றேன்.

அம்மா என் வாயிலிருந்து இதற்குமுன் அதைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நீயே தெரியலன்னுட்டா நா யார்ட்டப் போயிக் கேக்க?” என்றார்.  மாத்திரைப் பையை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே தேனி கண் மருத்துவமனைக்குப் போன் செய்து வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்தேன். கண்ணில் மருந்து ஊற்றுவார்கள், நாலைந்து மணி நேரம் பார்வை தெளியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். அதில் காரணம் என்ற இடத்தில், அம்மாவின் கண்ணைக் காட்ட, என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.