பெட்டிக்குள்ள இருந்த காகிதம்

நான் பாட்டில் கழுவுற ஆராய்ச்சிக்கூடத்துல பிஎச்டி பண்ற கவிதா, இன்னைக்கு மௌலா அலி போற பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்து அழுதுட்டே வந்தா.

"என்ன டாக்டரம்மா, மாப்பிள்ளை ஓடிட்டானா?"ன்னேன்.

"கிண்டல் நக்கோ அக்கா, வேணாம். மூணு வருஷ வேலை போச்சு. சதையில நாம தேடுற ஒண்ணுல மட்டும் ஒட்டி நிறம் காட்டணும் அந்த ஆன்டிபாடி மருந்து. விக்கிற கம்பெனிக்காரங்க அதை அரைச்ச சதையிலதான் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. நான் மெல்லிசா சீவின சதையில போட்டேன். கண்டதுலயும் ஒட்டி நிறம் காட்டியிருக்கு. அதை நம்பி ஆராய்ச்சி முடிவை எழுதிட்டேன்."

"வாங்கும்போது சொல்லலையா?"

"பெட்டிக்குள்ள காகிதத்துல போட்டிருந்துச்சாம். சீனியர் ஊத்தினாரு, நானும் ஊத்தினேன்."

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. வாராவாரம் அந்தப் பெட்டிகளைக் குப்பையில போடுறவ நான்தான். ஒரு காகிதம்கூட மடிப்பு பிரிஞ்சு வந்ததில்லை.

நான் அஞ்சாவதோட நின்னவ, என்னை விடுங்க. உங்க ஆபீஸ்ல பெட்டியோட வர்ற காகிதத்தைப் பிரிச்சுப் படிக்கிற ஆள் யாராச்சும் இருக்காங்களா?