அவளோடு வெளியே போவது

அவளோடு வெளியே கிளம்பும்போதெல்லாம் நான் இரண்டடி முன்னால் நடப்பேன். எனக்கு அவளோடு சேர்ந்து நடக்கக் கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது இல்லை. எதிரே வருகிற முகங்களை அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். யார் சிரிக்கப்போகிறார்கள், எவன் வாயைத் திறக்கப்போகிறான் என்று தேடிக்கொண்டே போவேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அறுபது வயதுக்கு மேல் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போக இப்படிப் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் மிசோரம்காரி. ஐம்பது கடந்தவள். திருவொற்றியூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறாள். என் தோள் இறுகிக் கை மேலே எழாமல் போனபோது அங்கே போனேன்.

"இன்னா பெர்சு, இந்தக் கைய வச்சுகினு சட்ட எப்டிப் போட்ட? யாரு மாட்டி வுட்டா?" என்றாள். நோயாளிகளிடம் கற்ற தமிழ். எங்கள் ஊர்ப் பேச்சேதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கொஞ்சம் மூக்கில் ஏறி இறங்கும்.

"யாரும் இல்ல. சம்சாரம் பூட்டா."

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். உயிர் போனது. "கத்து. நான் வுட மாட்டேன்" என்றாள். கத்தினேன். மனைவி இறந்த பிறகு நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

தோள் சரியான பிறகும் போய்க்கொண்டிருந்தேன். அவளும் தனியாள், கணவன் எப்போதோ விட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரம் சர்ச்சுக்குப் பூசைக்கு என்னோடு வர ஆரம்பித்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய பெட்டி கல்மண்டபம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் காசிமேட்டில் நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஒருவன் தன் கூட்டாளியிடம், "மோமோ வந்து நண்டு வாங்குது பாரு மாமு" என்று அவள் முகத்தைக் கேலி செய்தான். நான் அவள் முழங்கையைப் பிடிப்பதற்குள் நண்டைக் கூடையோடு தூக்கி அவன் மார்பில் கொட்டிவிட்டாள். உயிர் நண்டுகள் ஈரத்தரையில் நாலாபக்கமும் ஓடின.

"இருவது வருசமா உங்க ஆத்தா அப்பனுக்குக் காலு கையி நீட்டி வுட்டுகினு கீறேன்டா! நான் மோமோவா?"

நண்டு விற்ற அம்மா அவனைத்தான் திட்டினாள். "பொறுக்கி! பொறுக்குடா நண்ட!" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வாங்கிய சொல்லெல்லாம் மெல்ல வீட்டுக்குள் வெடிக்கத் தொடங்கியது. அவள் சமைக்கிற மூங்கில் குருத்து நாறுகிறது என்று எதிர்வீட்டுக்காரர் புகார் சொன்னார். கருவாடு காய்கிற தெருவில் இப்படி ஒரு புகார்! வேடிக்கையாக நினைத்து அவளிடம் சொன்னேன். குக்கர் மூடி பறந்து வந்து என் காதருகே சுவரில் மோதியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. அடுத்த நொடி ஓடி வந்து என் தலையைத் தடவித் தடவிக் காயம் தேடினாள். "பட்டுச்சா? சொல்லு, பட்டுச்சா?" என்று அழுதாள். படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சமையலறையில் பாத்திரம் சத்தம் போட்டால் என் உடம்பு தானாகக் குறுகிக்கொள்ளும்.

மாத்தூரில் இருக்கும் என் மகள், பேரன் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குக் கூப்பிட்டாள். "நீ வா நைனா. அத இட்டுகினு வராத. இவுங்க வூட்டு ஆளுங்க இன்னா நெனப்பாங்க?"

"'அது' இல்லம்மா, 'அவுங்க'ன்னு சொல்லு" என்றேன். மகள் போனை வைத்துவிட்டாள்.

மறைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, அவளிடம் சொல்லிவிட்டேன். எதுவும் பறக்கவில்லை. அவள் தன் ஊர் நெசவுப் பாவாடையை உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வா, போலாம்."

விருந்தில் சம்பந்தியம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வூட்டு வேலைக்கு வச்சுகினு கீறீங்களா?"

"இல்லீங்க. நான் கட்டிக்கப் போறவுங்க."

நான் அவள் கையிலிருந்த பிரியாணித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை மெதுவாக மேஜையில் வைத்தாள். "பிரியாணி நல்லா கீது" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது பயந்த அளவுக்கு, துறைமுகத்தில் ஒருமுறை கால் வழுக்கிக் கிரேனிலிருந்து தொங்கியபோதுகூட நான் பயந்ததில்லை.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கோபம் வந்தது அவளுக்கு. "வேலக்காரின்றாங்க! உன் பொண்ணு தலையக் குனிஞ்சுகினு நிக்குது!" கையில் கிடைத்த எவர்சில்வர் சொம்பை வீசினாள். அது என் மனைவியின் படத்தில் பட்டுக் கண்ணாடி சிதறியது. நான் சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"என்னப் பாத்தா பயப்படற?"

"ஆமா. வெளிய அவுங்களுக்குப் பயம். உள்ள உனக்குப் பயம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாரும் என்னப் பாத்து சிரிச்சுகிறாங்க, மொறைச்சுகிறாங்க. பயந்தது நீ ஒருத்தன்தான்" என்றாள். பிறகு என்னைக் கிட்டே வரவிடாமல் கண்ணாடியைப் பெருக்கினாள். படத்தைத் துடைத்து மாட்டினாள். அன்று சாயங்காலமே திருவொற்றியூரில் தன் பழைய அறைக்குப் போய்விட்டாள்.

சில வாரம் பொறுத்து, தோள் வலி இல்லாமலேயே கிளினிக்குக்குப் போனேன். மனநல மருத்துவரைப் பார்க்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவள் அறைக்குப் போகிறேன். அவள் சமைக்கிறாள், நான் பாத்திரம் கழுவுகிறேன். சில நாள் குரல் ஏறும். அவளே எழுந்து மாடிக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். அவள் இறங்கி வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. மகள் இன்னும் இறங்கி வரவில்லை; மாத்தூருக்குத் தனியாகத்தான் போய் வருகிறேன்.

போன வாரம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். என் தோளை அழுத்திப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும் பெர்சு. என்ன நானே இன்னும் நம்பல" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.