வெள்ளிக்கிழமை நெருப்பு

காலை எட்டு நாற்பது. தச்சர் கதவில் மெஷின் வைத்துத் துளை போட்டபோது முதலில் தெரிந்தது புகை. அந்தக் கருகல் வாசனை என்னை எழுபதுகளின் அரியலூருக்கு இழுத்தது.

"அத்தை, தீப்பெட்டி தீந்துபோச்சு, கடையும் சாத்திட்டாங்க. அம்மாவுக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்கணும். கொஞ்சம் நெருப்பு குடுங்க." பக்கத்து வீட்டு மல்லிகா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்சப்புறம் நெருப்பு தரக்கூடாதுடி. லட்சுமி போயிடுவா" என்றார் என் அம்மா.

"நாமளே உண்டாக்குவோம்" என்று நான்தான் சொன்னேன். ஆதிமனிதன் தீக்கடையும் படம் பாடப்புத்தகத்தில் இருந்தது. மூங்கில் வில்லின் கயிற்றில் குச்சியைச் சுற்றி, பலகையில் நிறுத்திக் கடைந்தோம்.

"உங்க வூட்டு லட்சுமிக்கு அடுப்புலயாடி குடியிருப்பு?" மல்லிகா சிரித்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்தது. புகை வந்தது, தீ வரவில்லை. அவளுடைய அம்மா பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

எங்கள் தீப்பெட்டி அடுப்படி மாடத்தில் இருந்தது. அந்த மாடம் எனக்கு எட்டும்.