விமானத்தின் வயிற்றில் ஒரு கோடு

வேலை முடிந்து வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இடது காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. அதுவும் பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. உள்ளே வெறுங்கால்தான். வெளியே வரும்போது செருப்பை மாட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. எங்கே கழன்றது என்று காலுக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு பாதங்களும் மரத்துப்போயின. அதற்கடுத்த நாள் அடுப்படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். சத்துக் குறைவு என்று நானே முடிவு செய்து முருங்கைக்கீரை சமைக்கச் சொன்னேன். கீரை வேகும் முன்பே மரமரப்பு கைக்கு ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் (கிடங்கில்) மூட்டை தூக்குகிறவர். மூட்டையைத் தூக்குவது போலவே என்னையும் தூக்கி வண்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்.

பட்டாசுக் கம்பெனி வேலை என்று சொன்னதும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் தீக்காயத்தைத் தேடினார்கள். வெடி விபத்து இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் சிறு மின்சாரம் செலுத்தி அது ஓடும் வேகத்தைப் பார்ப்பது) செய்தார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். பிறகு பெயர் சொன்னார்கள்: கில்லன்-பாரே நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்குவது).

இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. மூச்சைத் தொடாமல் நோய் கை காலோடு நின்றுவிட்டது என் அதிர்ஷ்டம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். "நடை வந்துரும்மா. விரல் நுனிக்கு உணர்ச்சி எப்ப வரும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. நரம்பு அவசரப்படாது."

எனக்கு வேண்டியதோ விரல் நுனிதான். காகிதக் குழாயின் விளிம்பு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை, பேசிக்கொண்டே தடவுவோம். உரசித் தீப்பிடிக்க வைக்கிற ஒரு மணல் துகள் வெடிக் கலவையில் கிடந்தாலும் விரல் சொல்லிவிடும். சொல்லாத விரலோடு நான் உள்ளே உட்கார்ந்தால் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. கை சரியானதும் வாங்க என்று போர்மேன் தன்மையாகத்தான் சொன்னார். எப்போது சரியாகும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த அசதி, உழைத்த அசதி இல்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு நான் படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நன்றாகத் தூங்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கும் தெம்பு வேண்டும்.

விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட் (இயன்முறைப் பயிற்சியாளர்). உடனே பக்கத்து ஆமத்தூரில் இருக்கிற என் சொந்தமெல்லாம் உரிக்கப் பூண்டு கொண்டுவந்து கொட்டியது. உரித்து உரித்து எனக்கு வாழ்க்கையே வெறுத்தது. அப்போதுதான் தம்பி முருகேசன் ஒரு பெட்டியோடு வந்தான். சிவகாசியில் அச்சு மிஷின் ஓட்டுகிறவன். லீவு நாளில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பொம்மை விமானம் செய்வதில் அவனுக்குப் பைத்தியம்.

"அக்கா, இதைச் செய்யி. பூண்டு நாத்தமாவது இருக்காது."

"ஏலே, சண்டை விமானத்தை வச்சு நான் யாரு தலையிலலே குண்டு போட?" என்றேன், பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்து. ஆனாலும் பெட்டியைத் திறந்தேன்.

துண்டுகள் ஒரு சட்டத்தில் தொங்கின. நகவெட்டியால் நறுக்கி எடுக்க வேண்டும். விமானியின் இருக்கை துவரம்பருப்பு அளவு. கையிலிருந்து விழுந்தது தெரியாமல், இல்லாத இருக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தரையில் தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு ஒட்டினால் அன்றைய தெம்பு தீர்ந்தது.

வயிற்றுப் பகுதி இரண்டு பாதியாக வரும். ஒட்டிய இடத்தில் மேடு தட்டும். அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்று சொல்லி முருகேசன் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பு கூசியது. தேய்க்காதே, இழுக்காதே, தட்டாதே என்றுதான் கம்பெனியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நான் ஈரச் சாக்கை விரித்து, பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்து, உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். அவன் சிரித்தான்.

"பிளாஸ்டிக்குக்கா. வெடிக்காது."

"எனக்குத் தெரியுதுலே. கைக்குத் தெரியணுமே."

பிறகு வழக்கம் போல விரலால் தடவிப் பார்த்தேன். மேடு இல்லை. வழுவழுவென்று இருக்கிறது என்றேன். அவன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். சரிக்கா, பெயின்ட் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சாம்பல் நிறம். பிரஷ் நடுங்காமல் இருக்க மணிக்கட்டை அரிசி டப்பாவின் மேல் வைத்துக்கொண்டேன். நிஜ விமானம் ஒலியை முந்திப் பறக்குமாம். இங்கே ஒரு இறக்கை காய்வதற்குள் நான் இரண்டு தூக்கம் போட்டு எழுந்தேன். சீசன் என்னை விட்டுவிட்டுப் போனது. நான் இல்லாமல் செய்த வெடியெல்லாம் தீபாவளிக்கு நன்றாகவே வெடித்தது. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு வீட்டைத் துடைக்கும்போது டிவி மேல் இருந்த விமானத்தை எடுத்தேன். கட்டை விரலில் ஏதோ தட்டியது. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. திருப்பிப் பார்த்தால் மூக்கிலிருந்து வால் வரை பெயின்டுக்கு அடியில் ஒரு மேடு, கோடாக ஓடியது. கண் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். நான்தான் விரலை நம்பி, பெயின்ட் அடிக்கும்போதுகூடக் கண்ணால் கவனித்துப் பார்க்கவில்லை.

முருகேசனுக்குப் போன் போட்டேன். "ஏலே, வயித்துல கோடு கெடக்கு."

"அப்பவே கெடந்துச்சுக்கா."

"ஏன்லே சொல்லல?"

"வழுவழுன்னு இருக்குன்னு நீ அம்புட்டு ஆசையாச் சொன்னே. நான் எப்படிக்கா சொல்ல?" பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அக்கா, உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழுதால்கூட எனக்குக் களைப்பு வந்துவிடுகிறது.

வந்து தேய்த்துத் திரும்பவும் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றான். தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் கிழமைகூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. உணர்ச்சி எந்த விரல் வரை வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். காலையில் எழுந்ததும் விமானத்தை மடியில் கவிழ்த்து ஒவ்வொரு விரலாகக் கோட்டின் மேல் வைக்கிறேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கோடு இருக்கிறது என்கின்றன. நடுவிரல் சில நாள் சொல்கிறது, சில நாள் மறந்துவிடுகிறது. மற்ற இரண்டும் இன்னும் வழுவழு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சரி என்று கேட்டுக்கொண்டு, மறுபடியும் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்கிறேன்.