மணியம் அண்ணன் திரையில் எழுப்பிய கட்டடம்

அம்மோனியா வாடை... ஆயர் குரோவில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் ஆபிஸை நினைத்தால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. பிளானை நகலெடுக்கும் மெஷினிலிருந்து வரும். மதியத்துக்குள் கண் எரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெரிய மேசைகளில் குனிந்து மையால் பிளான் வரைவோம். எங்களில் மூத்தவர் மணியம் அண்ணன். ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்.

ஒரு நாள் பாஸ் புது கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். வெறும் கோடு வரைவதற்கு இல்லையாம். தூண், பீம், குழாய் எல்லாவற்றையும் சேர்த்து முழுக் கட்டடத்தையே திரையில் எழுப்பிவிடுமாம். யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். இளசுகள் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கை தூக்கியவர் மணியம் அண்ணன்தான்.

தடிமனான இங்கிலீஷ் மேனுவல், பக்கத்தில் டிக்‌ஷனரி... மௌஸை ஒரு முறை அசைத்தால், படம் திரும்பி வருவதற்குள் நாங்கள் கடைக்குப் போய்ப் பால் விடாத தே ஓ குடித்துவிட்டு வந்துவிடுவோம். அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

ஆயர் குரோவில் கட்டவிருந்த ஒரு ஆபிஸ் கட்டடம்தான் சோதனை. மாதக்கணக்கில் அதைத் திரையில் எழுப்பினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் மாடியில் கழிவுக் குழாய் நேராக பீமுக்குள் போய்க்கொண்டிருந்தது. தனித்தனித் தாள்களில் அது யார் கண்ணிலும் படவில்லை.

"பாத்தியாமா... கட்டுறதுக்கு முன்னாலயே தெரியுது. இனிமே சைட்ல ஒடைச்சு ஒடைச்சுக் கட்ட வேணாம்லா."

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஆர்க்கிடெக்டிடமும் காண்ட்ராக்டரிடமும் பாஸ் இதைச் சொன்னார். அவர்களிடம் அப்படிக் கம்ப்யூட்டர் இல்லை. வழக்கம்போல் தாளில் அனுப்புங்கள், சைட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அண்ணன் தாளிலேயே சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார்.

யாரும் பார்க்கவில்லை. கான்கிரீட் போட்ட பிறகு பீமைக் குடைந்து குழாயை விட்டார்கள். அண்ணன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. கட்டடம் பாதியில் நின்றது. ஆபிஸில் ஆள் குறைத்தார்கள். கையால் வரைபவர்கள் இருக்கட்டும், கம்ப்யூட்டர் செக்‌ஷனை மூடிவிடலாம் என்று முடிவானது. அந்த செக்‌ஷனில் இருந்ததே ஒரு ஆள்தான்.

பழைய மேசைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அவருடைய வேலையெல்லாம் ஏற்கெனவே என் மேசைக்கு வந்திருந்தது.

கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டு விற்றுவிட்டார்கள். அவர் எழுப்பிய கட்டடமும் அதோடு போயிற்று.

சில வருடங்கள் கழித்து ஜாசின் பாசாரில் பார்த்தேன். ஃபேக்டரிப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய ஆபிஸ்களில் அந்த முறை வந்துவிட்டதாமே என்று விசாரித்தார். மறுபடி முயற்சி செய்யலாமே அண்ணே என்றேன்.

"கேட்டுப் பாத்தேன்மா. வயசாயிருச்சுன்னுட்டாங்க."

இப்போது புக்கிட் பெருவாங்கில் என் ஆபிஸில் கட்டடத்தைத் திரையில் மாடலாக எழுப்பாமல் எந்த வேலையும் தொடங்காது. குழாய் பீமில் இடித்தால் திரையே காட்டிக்கொடுக்கிறது. பிள்ளைகள் அரட்டை அடித்தபடியே அதை நகர்த்தி வைக்கிறார்கள்.

போன மாதம் மணியம் அண்ணன் தவறிவிட்டார். துக்கத்துக்குப் போயிருந்தேன். இதையெல்லாம் அவர் மகனிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க ஆன்ட்டி. அப்பாவுக்கு கம்ப்யூட்டர் ஆன் பண்ணவே தெரியாதே."